கழுத்துக் கட்டியின் சீழைக் கொட்டிவிடாதீர்கள்

சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குக் கழுத்தில் வீக்கம் வந்தால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். பிடரியில் வந்தால் ராஜபிளவை. கழுத்தின் பக்கத்தில் உருண்டை உருண்டையாக வரிசைகட்டி வந்தால் கண்டமாலை. காதுக்கு அடியில் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. தாடைக்குக் கீழே என்றால் சொத்தைப் பல். இந்தப் பெயர்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகி வைத்த பெயர்கள் அவை. ஆனால் இந்த நான்கு உருவத்திலும் வரக்கூடிய இன்னொரு நோய் நம் மண்ணிலேயே இருக்கிறது. கண்ணால் பார்த்தோ கையால் தொட்டுப் பார்த்தோ அதை மற்றவற்றிலிருந்து பிரிக்க முடியாது. கட்டியைக் கீறும்போது வருகிற சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது தெரியும். அந்தச் சீழ் பஞ்சில் துடைக்கப்பட்டுக் குப்பைக்கூடைக்குப் போய்விட்டால், நோயின் பெயரும் அதோடு போய்விடுகிறது.

ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்கள் சாமை விதைக்கிறார்கள், பள்ளத்தில் நெல் நடுகிறார்கள். மழைக்காலத்தில் சேற்றில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறார்கள். கட்டி வந்தால் ஸ்கேன் எடுக்கவும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யவும் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ வேலூருக்கோ இறங்க வேண்டும். கூலி போய்விடும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அதனால் இரண்டு நாள் பார்ப்போம், பிறகு நான்கு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போவது இயல்பு. சர்க்கரை நோய் இல்லாத உடம்பில் இந்தத் தாமதம் பல நேரம் மன்னிக்கப்பட்டுவிடும். சர்க்கரை உள்ள உடம்பில் அப்படி நடப்பது குறைவு.

அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று இரத்தத்தில் இருக்கிறது, மற்றொன்று கழுத்தில்.

கிருமி நுழைந்ததும் முதலில் ஓடிவந்து அதை விழுங்கிக் கொல்பவை வெள்ளணுக்கள். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் அவை வந்து சேர்வது மெதுவாகிறது, விழுங்கும் திறன் குறைகிறது, விழுங்கியதைக் கொல்லும் திறனும் குறைகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருந்தால் மருந்தும் அந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. நரம்பு மரத்திருந்தால் வலி குறைவாகத் தெரியும். ‘வலிக்கவே இல்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது’ என்று நோயாளியே நினைத்துக்கொள்வார். இன்னொரு பக்கம், தொற்று வந்தவுடன் உடம்பில் சுரக்கும் இன்சுலின் எதிர்ப்பு ஹார்மோன்களால் சர்க்கரை அளவு மேலும் ஏறுகிறது. ஏறிய சர்க்கரை தொற்றை வளர்க்கிறது, வளர்ந்த தொற்று சர்க்கரையை ஏற்றுகிறது. சாப்பிட முடியவில்லை என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இந்தச் சுழலில்தான் அகப்படுகிறார்கள்.

கழுத்தோ உடம்பிலேயே நெருக்கடியான இடம். மூச்சுக்குழல், உணவுக்குழல், மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள், முகத்துக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகள் எல்லாம் சில விரற்கடை அகலத்துக்குள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் மெல்லிய சவ்வுப் படலங்கள். படலங்களுக்கு இடையே உள்ள வெளிகள், கதவில்லாத பழைய ஓட்டு வீட்டின் அறைகளைப் போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி விடுகின்றன. கடைவாய்ப் பல்லின் வேரில் தொடங்கிய சீழ் நாக்குக்கு அடியில் வரும், அங்கிருந்து தொண்டையின் பக்கவாட்டுக்குப் போகும், பிறகு தொண்டைக்குப் பின்னால் இறங்கி நெஞ்சுக்கூட்டுக்குள் இதயத்தின் அருகிலும் போய்விடும். நெஞ்சுக்குள் இறங்கிவிட்ட சீழை எடுப்பது பெரிய அறுவைச் சிகிச்சை. அதில் உயிரிழப்பவர்கள் இன்றும் உண்டு.

நாம் அடிக்கடி பார்க்கும் தொற்றுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடரியில் வரும் பிளவை பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. பிடரித் தோல் தடித்தது. அதனால் உள்ளே உண்டாகும் சீழ் மேலே வர வழியில்லாமல் பக்கவாட்டில் பரவிப் பல கண் வைத்து வெளியே வருகிறது. வெளியில் தெரியும் அளவைவிட உள்ளே அது பெரியதாக இருக்கும். பிளவை வந்த பிறகே தமக்குச் சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு.

பல்லிலிருந்து கிளம்பி நாக்கின் அடியை நிறைக்கும் வீக்கத்தை 1836இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. சர்க்கரை இல்லாதவர்களுக்கு இத்தகைய ஆழமான கழுத்துச் சீழ்க்கட்டிகளில் பெரும்பாலும் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளே கிடைக்கின்றன. சர்க்கரை உள்ளவர்களிடம் கிளெப்சியெல்லா என்ற, குடலில் வாழும் கிருமி முன்னே வருகிறது. தைவானில் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்தில் ஆழமான சீழ்க்கட்டி வந்த சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் சீழில் இதுதான் இருந்தது. ஒரே மாதிரி வீக்கம், ஒரே இடம், ஆனால் கிருமி வேறு. எனவே மருந்தும் வேறு. பல் வீக்கத்துக்கு வழக்கமாகத் தரும் மாத்திரை கிளெப்சியெல்லாவுக்குக் கேட்காமல் போகலாம்.

கண்டமாலை என்பது நிணநீர்க் கணுக்களில் வரும் காசநோய். சர்க்கரை நோய் காசநோய்க்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. நம் நாட்டில் கழுத்தில் நாள்பட்ட கணு வீக்கம் என்றால் மருத்துவர் முதலில் டி.பி.யை நினைப்பது முற்றிலும் நியாயமே.

இனி, அதிகம் பேசப்படாத அந்த ஐந்தாவது நோய்க்கு வருகிறேன்.

அதன் பெயர் மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லை. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடன் பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனைகளில் இதை முதன்முதலாகக் கண்டார்கள். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயை அது ஒத்திருந்தது; ஆனால் கிருமியை வளர்த்துப் பார்த்தபோது வேறொன்று என்று தெரிந்தது. 1912இல் இருவரும் சேர்ந்து இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் அதை எழுதினார்கள். சீழை வளர்த்துப் பார்த்ததால்தான் அந்த நோயே உலகுக்குத் தெரியவந்தது.

அதன்பின் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், வட ஆஸ்திரேலியா என்று பல இடங்களில் இது பேசப்பட்டது. இந்தியாவில் நெடுங்காலம் பேச்சே இல்லை. 1991இல் மும்பையில் ஒரு குழந்தைக்கு வந்தது மருத்துவ இதழில் பதிவானது. 1996இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தி. ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன், எம்.கே. லலிதா உள்ளிட்ட குழுவினர், இந்தியாவில் நாம் காணும் மெலியாய்டோசிஸ் நீருக்கு மேலே தெரியும் பனிப்பாறையின் நுனி மட்டும்தானா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, 2016இல், உலக அளவிலான ஒரு மதிப்பீடு வெளியானது: ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள், நோயாளிகளில் சுமார் 44 விழுக்காட்டினர் தெற்காசியர்கள். வேலூர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கு விடை ‘ஆம்’ என்றாகிவிட்டது.

இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. வறண்ட காலத்தில் ஆழத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மழை பெய்து மண் நனைந்ததும் மேலே வரும். கால் வெடிப்பு, முள் குத்திய இடம், கையில் பட்ட வெட்டு வழியாக உடம்புக்குள் போகலாம். புயல் மழையில் காற்றில் கலந்த நீர்த்துளி வழியாக மூச்சில் போகலாம். காய்ச்சாத, குளோரின் போடாத தண்ணீர் வழியாகவும் போகலாம். உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆரோக்கியமான உடம்பு பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடுகிறது. சர்க்கரை உள்ளவருக்கோ நோய் வருகிற வாய்ப்பு ஏறத்தாழ 12 மடங்கு. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் முப்பது ஆண்டுகள் பதிவான 1,148 நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள். சிறுநீரக நோய், அளவுக்கு மீறிய குடி, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

சர்க்கரையோடு இதற்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், இது விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கக் கற்ற கிருமி. பெரும்பாலான கிருமிகள் வெள்ளணுவுக்குள் போனால் செத்துவிடும். இது உள்ளே பெருகி, அணுவின் சுவரைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அணுவுக்குப் போகும். விழுங்கியதைக் கொல்ல முடியாத வெள்ளணு இதற்கு வசதியான இருப்பிடமாகிவிடுகிறது. உள்ளே பதுங்கி மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்நோய் வெளிப்பட்டது அதனால்தான்.

நுரையீரல்தான் இது பெரும்பாலும் தாக்கும் இடம். கழுத்து இரண்டாம் வரிசையில் இருக்கிறது. ஆனால் கழுத்தில் வரும்போது வேடம் பல. காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் சீழ்பிடித்துப் பொன்னுக்கு வீங்கி போலத் தெரியும். தாய்லாந்தில் குழந்தைகளுக்கு இந்நோய் வருகிற முக்கியமான வடிவமே இதுதான். கழுத்துக் கணுக்களில் வந்தால் கண்டமாலையின் அச்சு. தோலில் வந்தால் ஆறாத பிளவை. ஆழத்தில் வந்தால் பல்லிலிருந்து இறங்கிய சீழ். ஒருவருக்கு மூன்றே நாளில் காய்ச்சல் ஏறி இரத்தமெங்கும் பரவும்; இன்னொருவருக்கு இரண்டு மூன்று மாதம் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவுமாக இழுக்கும். இழுக்கிற வகைதான் டி.பி. என்று எளிதில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கழுத்துக் கணுவிலிருந்து ஒரு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் டி.பி.யில் தெரியும் அணுக்கூட்டங்கள் மெலியாய்டோசிஸிலும் தெரியும். அறிக்கையில் டி.பி.யாக இருக்கலாம் என்று வரும். ஆறு மாத மருந்து தொடங்கப்படும். அந்த மருந்துகள் இந்தக் கிருமிக்குச் சரியான மருந்து அல்ல. வீக்கம் கொஞ்சம் குறைவதுபோலத் தெரியும், மறுபடி வரும், மருந்துக்கு அடங்காத டி.பி.யோ என்று கவலை தொடங்கும், இதற்குள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டி வந்திருக்கும்.

இதைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கணுத்துண்டைப் போட்டு அனுப்பும் பாட்டிலைப் பார்த்தால் போதும். சதைப் பரிசோதனைக்கு அனுப்பும் துண்டு வழக்கமாக ஃபார்மலினில் போடப்படும். ஃபார்மலின் அணுக்களின் வடிவத்தைக் காப்பாற்றும். ஆனால் கிருமிகளைக் கொன்றுவிடும். அதிலிருந்து எந்தக் கிருமியையும் வளர்க்க முடியாது. எனவே ஒரு பகுதி ஃபார்மலினிலும், மற்றொரு பகுதி கிருமி நீக்கிய வெறும் பாட்டிலிலோ சலைனிலோ நுண்ணுயிர்ப் பிரிவுக்கும் போக வேண்டும். ஊசியால் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவும் சோதனையிலும் அப்படியே: சில துளிகளைக் கல்ச்சருக்கும், சில துளிகளை டி.பி.க்கான சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கும் எடுத்துவைக்க வேண்டும். கீறும் மருத்துவருக்கு இது அரை நிமிட வேலை. நோயாளியின் உறவினர் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். “சீழைக் கல்ச்சருக்கும் அனுப்புகிறீர்களா, டாக்டர்?” என்ற ஒரு கேள்வி போதும்.

ஆய்வகத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இந்தக் கிருமி சாதாரணத் தட்டிலேயே வளரும், ஆனால் நிதானமாக, இரண்டு நாள் எடுத்துக்கொண்டு வளரும். வளர்ந்ததைச் சூடோமோனாஸ் என்ற வேறு இனம் என்றோ, வெளியிலிருந்து கலந்துவிட்டது என்றோ ஒதுக்கிவிடுவதுண்டு. நுண்ணுயிர் மருத்துவர்களிடம் இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் சாகாமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மடங்குகிற கிராம்-நெகட்டிவ் கிருமி என்றால் உடனே இதை நினைக்க வேண்டும். கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினுக்குச் சாகாத ஒன்று சாதாரண மருந்துக்குச் சாகிறது என்பது விசித்திரமான சேர்க்கை. நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறது, மண்ணில் வேலை செய்பவர், மழைக்காலம் என்று மருத்துவர் சோதனைச் சீட்டில் எழுதி அனுப்பினால் ஆய்வகத்தார் தட்டைச் சீக்கிரம் தூக்கி எறியமாட்டார்கள். தங்களுக்குத் தொற்றாமல் பாதுகாப்பான அறையில் வைத்தும் கையாள்வார்கள். கல்ச்சரில் இது உறுதியானால் நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் கட்டாயம். கழுத்தில் தெரிவது ஒன்றாக இருக்கும்போது கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தெரியாமல் இன்னொன்று இருக்கலாம்.

இந்தக் கிருமி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வாணியம்பாடி காட்டியது. காவலூர் வானாய்வகத்துக்கு ஏறுகிறவர்கள் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகத்தான் ஜவ்வாது மலைக்குப் போவார்கள். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே, பெரும்பாலும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த 21 பேர் மூளையையும் நரம்புகளையும் தாக்கிய மெலியாய்டோசிஸால் பாதிக்கப்பட்டார்கள். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் இழுத்தல் என்று வந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றின் மருத்துவர்கள் சேர்ந்து தேடியபோது, அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் சிகிச்சையகத்துக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். சிகிச்சையகத்தில் பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் கிருமி இருந்தது. பல் சிகிச்சைக் கருவியால் பாட்டிலைத் திறந்து, பஞ்சால் அடைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆய்வு முடிவு 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது.

அது நரம்பைத் தாக்கிய வகை. நான் இங்கே பேசும் கழுத்துக் கட்டி வேறு, நோயாளிகளும் வேறு. ஆயினும் பல் சிகிச்சைக்குப் போனவர்கள் உயிரிழந்த அந்தச் செய்தியை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. மண்ணில் இருக்கிற கிருமி ஒரு பாட்டில் தண்ணீருக்குள் வந்து, வாயின் காயம் வழியாக மூளைத்தண்டு வரை போயிருக்கிறது. பல் பிடுங்கும்போது உங்கள் கண்ணெதிரே சீல் உடைத்த புதிய சலைனைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சர்க்கரை உள்ளவர் பல் பிடுங்குவதற்கு முன் சர்க்கரை அளவைச் சொல்ல வேண்டும், பிடுங்கிய பிறகு இரண்டு மூன்று நாளில் வீக்கம் குறையாமல் கூடினால் அதே நாளில் திரும்பிப் போக வேண்டும்.

மெலியாய்டோசிஸுக்கான சிகிச்சை நீளமானது. ஆனால் பலன் தரக்கூடியது. முதலில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி, இரத்தக் குழாய் வழியாக, குறைந்தது 10 முதல் 14 நாள். ஆழத்தில் கட்டி இருந்தால் இன்னும் கூட. சீழ் தேங்கியிருந்தால் கீறியோ ஊசியால் உறிஞ்சியோ எடுத்தாக வேண்டும். மருந்து மட்டும் போதாது. பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மூன்று முதல் ஆறு மாதம். செஃப்டாசிடைம் வந்தபோது எவ்வளவு மாறியது என்பதை தாய்லாந்தில் செய்து 1989இல் வெளியான ஆய்வு சொன்னது: அதுவரை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இறந்துகொண்டிருந்த கடும் நோயாளிகளின் இறப்பு பாதியாகக் குறைந்தது. டார்வினில் முதல் ஐந்தாண்டில் 31 விழுக்காடாக இருந்த இறப்பு, கடைசி ஐந்தாண்டில் 6 விழுக்காட்டுக்கு வந்தது. புது அதிசய மருந்து எதுவும் அங்கே வரவில்லை. சீக்கிரம் சந்தேகித்தார்கள், சீக்கிரம் கல்ச்சர் எடுத்தார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவை நன்றாக நடத்தினார்கள். நம் மாவட்டங்களிலும் இது முடியும்.

மலையில் வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்வது? கழுத்து வீக்கம் வந்ததும் குளூக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அது முடியும். சர்க்கரை நோய் பட்டணத்தாருக்கு மட்டுமே என்ற காலம் முடிந்துவிட்டது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. தமக்குச் சர்க்கரை கிடையாது என்று நினைப்பவர்களையும் கழுத்துக் கட்டி வந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

கட்டியை அமுக்கக் கூடாது, பிளேடால் கீறக் கூடாது, சூடு வைக்கக் கூடாது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்து போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சர்க்கரை உள்ளவரின் தோல் அதில் வெந்துபோனால் இன்னொரு கிருமிக்கு வழி திறந்துவிடும். மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போடுவது இன்னும் ஆபத்து. நோயைக் கொல்லாது, கல்ச்சரில் கிருமி வளராமல் மட்டும் செய்துவிடும், பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த சீழும் ஊமையாகிவிடும்.

சில அறிகுறிகள் இருந்தால் நாளை என்று தள்ளாமல் அந்த நேரமே 108ஐ அழைக்க வேண்டும். வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு மாறிவிட்டது, தாடையின் கீழ் இறுகி வீங்கி இருபுறமும் பரவுகிறது, மூச்சு சத்தத்தோடு வருகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது, வீங்கிய இடத்துத் தோல் கறுத்தோ மரத்தோ போகிறது, தொட்டால் உள்ளே நறநறவென்கிறது, ஆள் தடுமாறிப் பேசுகிறார். இவற்றில் ஒன்று போதும். வண்டியில் அவரைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்தே கூட்டிப் போங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, காது மூக்கு தொண்டைப் பிரிவும் ஸ்கேனும் உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. இந்த நிலையில் மருந்தை நிறுத்திவைத்துக் கல்ச்சருக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் மூச்சுக்கு வழி, அடுத்து ஊசி மருந்து, கீறும்போது சீழை எடுத்துவைப்பது.

அவசரமில்லாத, மெல்ல வளரும் கட்டிக்கும் இரண்டு வாரம்தான் பொறுக்கலாம். மருத்துவரிடம் போகும்போது மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லுங்கள்: சர்க்கரை எத்தனை ஆண்டாக இருக்கிறது, கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எவ்வளவு, வேலை மண்ணிலா நீரிலா. கேரளக் கடலோரத்துக்கோ கர்நாடகக் கடலோரத்துக்கோ வேலைக்குப் போய் வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடுப்பி, மங்களூர்ப் பக்கம் இந்நோய் அடிக்கடி பதிவாகிற இடம். டி.பி. மருந்து தொடங்கி இரண்டு மாதமாகியும் கட்டி குறையவில்லை என்றால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், “கல்ச்சரில் வேறு ஏதாவது வந்ததா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மெலியாய்டோசிஸுக்குத் தடுப்பூசி இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது முட்டளவு ரப்பர் பூட்ஸ் போட வேண்டும், கையுறையும் நல்லது. முடியாத நாளில், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரலிடுக்கையும் வெடிப்பையும் பார்த்து, காயம் இருந்தால் மூடிக் கட்ட வேண்டும். ஆறாத காயத்தோடு சேற்றில் இறங்காமல் அந்த வேலையை வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும். மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பலத்த காற்றோடு மழை அடிக்கும்போது வயலில் நிற்க வேண்டாம்.

மாத்திரைக் காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அங்கேதான். கட்டி ஆறி, காய்ச்சல் போய், பசி எடுத்து, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் கோ-டிரைமாக்சசோலைச் சொன்ன மாதம் வரை விழுங்க வேண்டும். அது விலை குறைந்த, அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிற மாத்திரை. ஆனால் இந்நோய்க்குக் கொடுக்கும் அளவு பெரியது. அதனால் இடையிடையே இரத்த அணுக்கள், சிறுநீரகம், பொட்டாசியம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சல்ஃபா மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். உடம்பெங்கும் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவத்தல் வந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.